'லாங் டைம் நோ சீ' சீனத்திலிருந்துதான் வந்ததா?

நீண்ட நாள் கழித்துச் சந்திப்பவர்கள் ஆங்கிலத்தில் 'லாங் டைம் நோ சீ' என்கிறார்களே, பள்ளியில் படித்த இலக்கணம் எதற்கும் அடங்காத இந்தத் தொடர் சீனத்திலிருந்து வந்தது என்பது உண்மையா, இதைப் போல வேறு சீனத் தொடர்களும் அன்றாட ஆங்கிலத்தில் உண்டா என்பது கேள்வி. ஒரு சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். ஆனால் கேட்டவர் அறிய விரும்புவது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்: ஒரு தொடர் எந்த வழியாக, யார் வாயிலாக இன்னொரு மொழிக்குள் போகிறது, போனது என்பதை நாம் எதைக் கொண்டு நம்புவது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். ஆங்கிலமும் தமிழும் தொழில், மாண்டரின் முயன்று கற்றது, ஹொக்கியனும் காண்டனீசும் கடைத்தெருவில் காதால் பிடித்தவை மட்டுமே. ஆகவே ஒலி வரலாற்றின் நுட்பங்களில் அறிஞர்கள் கண்ட முடிவுகளை வாங்கிச் சொல்கிறேனே தவிர, நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

முதலில் 'சீனம்' என்று ஒரே சொல்லால் குறிப்பதை விட்டுவிட வேண்டும். இன்று சீன அரசின் மொழியாக இருக்கும் மாண்டரினைவிட, தென்கடற்கரைத் துறைமுகங்களில் பேசப்பட்ட காண்டனீசும் ஹொக்கியனும்தாம் ஆங்கிலத்துக்கு முதலில் சொற்களை அனுப்பின. தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தால் எழுதப்படும் அந்தப் பொருளுக்கு ஹொக்கியனில் 'தே' என்றும் காண்டனீசிலும் மாண்டரினிலும் 'சா' என்றும் ஒலி. ஃபூஜியன் மாநிலத்து வணிகர்களிடம் வாங்கிய டச்சுக்காரர்கள் முதல் ஒலியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் இருந்த போர்த்துக்கீசியர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று தம் நாட்குறிப்பில், அதுவரை தாம் குடித்தறியாத ஒரு சீனப் பானத்தை வரவழைத்துக் குடித்ததாக எழுதியபோது அதை 'டீ' என்றுதான் குறித்தார். தமிழில் இரண்டு ஒலியும் வந்து தங்கியிருக்கின்றன: தேயிலையில் இருப்பது ஹொக்கியன் 'தே', சாயாவில் இருப்பது மற்றது. வணிகப் பாதையை ஒரு சொல்லின் முதல் எழுத்தே காட்டிக்கொடுப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பொருளின் பெயர் போவது எளிது; பெட்டியோடு பெயரும் போய்விடும். தொடர் அப்படிப் போவதில்லை. இருவர் நின்று பேச வேண்டும். அப்படி நின்று பேசிய இடம் காண்டன் துறைமுகம். 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கடல் வணிகம் முழுவதையும் சீனப் பேரரசு அந்த ஒரு துறைமுகத்துக்குள் அடக்கி வைத்திருந்தது. வணிகர்கள் ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதிக்குள் பருவகாலத்தில் மட்டும் தங்கலாம். அவர்களுக்குச் சீனம் கற்பிப்பதற்கும் தடை இருந்தது. விளைவாக, சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமாகவும் அடுக்கும் முறை பெரும்பாலும் சீனமாகவும் அமைந்த ஒரு பேச்சு உருவாயிற்று. 'பிட்ஜின்' என்ற பெயரே 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல் அங்கே ஒலிக்கப்பட்ட விதம் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டுவதற்கு ஆங்கிலேயர் சொல்லும் 'சாப் சாப்', அவசரம் என்ற பொருளுடைய காண்டனீஸ் சொல்லின் இரட்டிப்பு. உணவுக் குச்சிகளைக் குறிக்கும் 'சாப்ஸ்டிக்' என்பதிலும் இதே 'சாப்'தான் இருக்கிறது. அவற்றின் சீனப் பெயரிலும் விரைவைக் குறிக்கும் ஒலி இருப்பதால் மாலுமிகள் அதைப் பாதி பெயர்த்துப் பாதி ஒட்டியிருக்கிறார்கள். முடியாது என்று கைவிரிக்கும் 'நோ கேன் டூ' என்பதும் இந்தத் துறைமுகப் பேச்சின் வார்ப்புதான். இதைச் சொல்லும்போது ஒரு கசப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய தொடர்களில் பல, சீனர்கள் பேசியதால் பரவியவை அல்ல. சீனர் பேசுவதைப் போல் நடித்துக் காட்டிச் சிரித்த ஆங்கிலேயராலும் அமெரிக்கராலும் பரவியவை.

இப்போது கேட்ட தொடருக்கு வருகிறேன். மாண்டரினில் 'ஹாவ் ஜியூ பூ ஜியென்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'நெடுநாள், இல்லை, காண்'. பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது, காண்டனீசிலும் அதே அமைப்பு உண்டு. இதனால்தான் பலர் கேள்விக்கே இடமின்றி இதைச் சீனக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று வேறு திசையில் இருக்கிறது. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளியான ஓர் எல்லைப்புற வாழ்க்கை நினைவுநூலில் இந்தத் தொடர் ஒரு பூர்வகுடி அமெரிக்கரின் வாய்ச்சொல்லாக வருகிறது. சீனர் யாரும் அங்கே இல்லை. எழுவாயையும் கால விகுதியையும் உதிர்ப்பது எந்த இரு மொழிகள் அவசரமாகக் கலந்தாலும் நடப்பது. தமிழில் 'பார்த்து ரொம்ப நாளாச்சு' என்னும்போது யார் யாரைப் பார்த்தது என்று சொல்கிறோமா என்ன? ஆகவே சீனப் பிட்ஜின் வழியாக வந்திருக்கலாம், அதற்கே நானும் சாய்கிறேன், ஆனால் உறுதி என்று எழுதமாட்டேன். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே காப்பிக்கடை வைத்திருக்கும் ஹொக்கியன் மூதாட்டி, ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் என்னை இந்தத் தொடரைச் சொல்லித்தான் வரவேற்பார். அது ஆங்கிலமா, உங்கள் மொழியின் பெயர்ப்பா என்று ஒருநாள் கேட்டேன். காப்பியில் பால் வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல் என்றார்.

துறைமுகத்தை அடுத்து அரசவை வாசல். 'கவ்டவ்' என்ற சொல் இன்று ஆங்கிலச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். ஓர் அமைச்சர் பெருநிறுவனத்துக்கு வளைந்து கொடுத்தால் அந்தச் சொல்லைப் போடுவார்கள். சீனத்தில் அதன் நேர்ப்பொருள் 'தலையை முட்டுதல்'. பேரரசர் முன் மும்முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மும்மூன்றாக ஒன்பது தடவை நெற்றியால் தரையைத் தொடும் சடங்கு அது. பிரிட்டிஷ் தூதரான மெக்கார்ட்னி பிரபு 1793 செப்டம்பர் 14 அன்று ஜெஹோலில் சியான்லுங் பேரரசரைச் சந்தித்தபோது அதைச் செய்ய மறுத்து, தம் அரசருக்குச் செய்வதைப் போல ஒற்றைக் காலை மட்டும் மடித்தார். 1816-இல் வந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபு மறுத்ததால் பேரரசரைக் காணாமலே திருப்பி அனுப்பப்பட்டார். இந்தச் சர்ச்சையைப் பற்றி அந்தத் தூதுக்குழுவினர் எழுதிய நூல்கள்தாம் சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோயின. சீனருக்கு அது சாமிக்கும் முன்னோருக்கும் பெற்றோருக்கும் செய்யும் மரியாதையும்கூட, நம் சாஷ்டாங்க நமஸ்காரத்தைப் போல. ஆங்கிலத்துக்குள் வரும்போது மரியாதை கழன்று, அடிமைத்தனம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மறுத்தவர்கள் எழுதிய கதை வழியாக வந்த சொல் வேறெப்படி இருக்கும்?

சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை மிகக் குறைவு என்று பலர் எண்ணுவதற்குக் காரணம், முழுக்க ஆங்கில உடையில் உலவும் தொடர்களைக் கணக்கில் சேர்க்காததுதான். 'லூஸ் ஃபேஸ்' என்ற தொடரில் ஓர் எழுத்துகூடச் சீனம் இல்லை. ஆனால் அது 'முகத்தை இழத்தல்' என்ற பொருளுடைய சீன வழக்கின் நேர்ப்பெயர்ப்பு, 19ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் எழுதியவற்றின் வழியாகப் பரவியது. இதில் சுவையானது, 'சேவ் ஃபேஸ்' என்ற இணைத்தொடரை அதே ஆங்கிலேயச் சமூகம் முதல் தொடரின் சாயலில் தானே ஆக்கிக்கொண்டது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி குறிப்பது. விதை சீனம், இரண்டாவது கிளை ஆங்கிலம். தமிழில் பெயர்க்கும் எனக்கு இந்தத் தொடர் ஓயாத தலைவலி. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பேச்சுவார்த்தை அறிக்கையில் இதை 'மானம் காத்தல்' என்று எழுதினேன். மூத்த ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, 'மானம் போனால் நம் ஆள் உயிரை விடுவான், இவர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறார்கள்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். சீன 'முகம்' பிறர் கண்ணில் நமக்குள்ள மதிப்பு. கொடுக்கலாம், வாங்கலாம், கொஞ்சம் குறையலாம், மீண்டும் ஏறலாம். ஆங்கிலம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது.

போர் வழியாக நுழைந்தவற்றில் 'கங் ஹோ' என்பதை நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு கட்டமும் பதிவாகியிருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்பில் ஷாங்காய்ப் பகுதி ஆலைகள் அழிந்தபின், 1938-இல் நியூசிலாந்துக்காரரான ரெவி அலி முதலியோர் சீன உள்நாட்டில் சிறு தொழிற்கூட்டுறவுகளைத் தொடங்கினார்கள். அந்த அமைப்பின் நீண்ட சீனப் பெயரில் தொழிலைக் குறிக்கும் எழுத்தையும் இணைவைக் குறிக்கும் எழுத்தையும் எடுத்துச் சுருக்கியதே 'குங் ஹோ'. அமெரிக்க மரைன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன் சீனாவில் இருந்தபோது அதைக் கேட்டறிந்தார். 1942-இல் தாம் அமைத்த அதிரடிப் படைப்பிரிவுக்கு அதையே முழக்கமாக்கி, அதிகாரியும் சிப்பாயும் சமமாக உட்கார்ந்து குறைகளைப் பேசும் கூட்டங்களுக்கும் அந்தப் பெயரை வைத்தார். அதே ஆகஸ்டில் மேக்கின் தீவின் மீது அந்தப் படைப்பிரிவு நடத்திய தாக்குதல் செய்தியானது. 1943-இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. பிற வீரர்களுக்கு அந்த உற்சாகம் மிகையாகப் பட்டதோ என்னவோ, பத்து ஆண்டுகளுக்குள் 'அளவுக்கு மீறித் துள்ளுகிறவன்' என்ற பொருள் வந்துவிட்டது. இணையத்தில் பலர் இதற்கு 'ஒன்றுபட்டு உழைப்போம்' என்று பழஞ்சீன முதுமொழி போலப் பொருள் சொல்கிறார்கள். கார்ல்சனே அப்படித்தான் புரிந்துகொண்டார். சீனர் காதில் அது ஒரு சங்கத்தின் சுருக்கப் பெயர். 'கோ-ஆப்டெக்ஸ்' என்ற பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு ஒரு வெளிநாட்டுத் தளபதி அதைப் போர் முழக்கமாக்கினால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி.

அடுத்த அலை அரசியல் பெயர்ப்புகள். 'பேப்பர் டைகர்' 1836-லேயே ஜான் ஃபிரான்சிஸ் டேவிஸ் சீனாவைப் பற்றி எழுதிய நூலில் சீனரின் வழக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது உலக வழக்கானது 1946 ஆகஸ்டில் யெனானில் மாவோ, அமெரிக்கப் பத்திரிகையாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் அணுகுண்டைப் பற்றிப் பேசிய பேட்டியால்தான். அந்த அம்மையார் பின்னர் எழுதியதன்படி, உரைபெயர்ப்பாளர் முதலில் அதைச் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தார். மாவோ நிறுத்தி, அது என்ன பொருள் என்று கேட்டறிந்து, தாம் சொன்னது அது இல்லை என்று திருத்தினார். அவர் அன்று விட்டிருந்தால் தமிழில் 'காகிதப் புலி' என்ற தொடரே இருந்திருக்காது. 'மூளைச்சலவை'யும் அப்படியே: சீனத்தில் 'மூளையைக் கழுவுதல்' என்று வழங்கியதை எட்வர்ட் ஹன்டர் என்ற பத்திரிகையாளர் 1950-இல் ஆங்கிலத்தில் 'பிரெய்ன்வாஷிங்' என்று எழுதினார், கொரியப் போர்க் கைதிகளைப் பற்றிய அச்சம் அதை வீடுவீடாகக் கொண்டுபோயிற்று. நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்தபோது கழுவுதலைச் சலவையாக்கிக்கொண்டோம். பெயர்த்தவர் யாரோ, வெள்ளாவி வைத்து அடித்துத் துவைக்கும் காட்சியை உள்ளே வைத்துவிட்டார். மூலத்தைவிடத் தமிழ் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவதில் தமிழர்களான நாம் பழக்கப்பட்டவர்கள் என்பதால், எதிர்த்திசையில் போனவற்றையும் சொல்ல வேண்டும். சீனத் தொழிலாளரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' என்ற சொல் சீனத்திலிருந்து வந்தது, அங்கே 'கூ லி' என்றால் கசப்பான உழைப்பு என்று பொருள் என ஒரு விளக்கம் சுற்றிவருகிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைகீழ். அது இந்தியாவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போன சொல். தமிழ்க் 'கூலி'யா, குஜராத்தின் 'கோலி' இனப் பெயரா என்பதில்தான் இன்னும் வழக்கு. சீனர்கள் பின்னர் அந்த ஒலிக்குப் பொருந்தும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவே. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றார்கள். அதுவோ நம் 'காசு' போர்த்துக்கீசியம் வழியாகச் சென்றது, ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு வேரில் பிறந்த வேறு சொல். 'மாண்டரின்' என்பது மந்திரிதான், மலாய் வழியாகப் போனது. 'டைஃபூன்' அரபு, பாரசீக 'துஃபான்' ஒலியில் தொடங்கி, காண்டனீசில் பெருங்காற்று என்ற பொருளுடைய 'தாய் ஃபுங்' என்பதோடு கலந்து உருமாறியது. இதை எந்த ஒரு மொழிக்கும் முழுவதாகப் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது. 'கெட்சப்' ஹொக்கியனில் மீன் ஊறல் சாறைக் குறித்த சொல்லிலிருந்து, ஒருவேளை மலாய் வழியாக, வந்தது என்பதே வலுவான கருத்து. 1711-இல் சார்ல்ஸ் லாக்யர் என்ற ஆங்கிலேய வணிகர் நல்ல கெட்சப் டோங்கினிலிருந்து, அதாவது இன்றைய வட வியட்நாமிலிருந்து, வருகிறது என்று எழுதியிருக்கிறார். தக்காளி அதில் சேர ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

ஐயத்தைத் தாண்டி, பொய் என்றே தள்ளவேண்டியவையும் உண்டு. 'சுவாரசியமான காலத்தில் வாழக் கடவாய்' என்பது சீனச் சாபம் என்று ராபர்ட் கென்னடி 1966-இல் கேப் டவுனில் பேசினார். இப்படி ஒரு சாபம் சீனத்தில் இதுவரை யாராலும் காட்டப்படவில்லை. அருகில் வருவது, கலகக் காலத்து மனிதனாக இருப்பதைவிட அமைதிக் காலத்து நாயாக இருப்பது மேல் என்ற 17ஆம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பின் வரி மட்டுமே. 'ஒரு படம் பத்தாயிரம் சொற்களுக்குச் சமம்' என்பதைச் சீனப் பழமொழி என்று 1927-இல் முத்திரை குத்தியவர் ஃபிரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். நெருக்கடியைக் குறிக்கும் சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் இருப்பதாக மேலாண்மைப் பயிற்சிகளில் சொல்வதும் தவறு. இரண்டாவது எழுத்து அந்தச் சொல்லில் 'திருப்புமுனையான தருணம்' என்ற அளவில்தான் நிற்கிறது. 'ஆயிரம் மைல் பயணம் ஓரடியில் தொடங்குகிறது' என்பது மட்டும் உண்மையானது, தாவோ தே ஜிங்கின் 64ஆம் இயலில் உள்ளது. அங்கேயும் மைல் இல்லை, அரைக் கிலோமீட்டர் அளவிலான 'லி', ஓரடி என்பதும் 'காலடியில்' என்றே இருக்கிறது. எவனோ எழுதியதை அப்துல் கலாம் சொன்னதாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அந்தத் தேவைதான் ஆங்கிலத்தில் 'சீனப் பழமொழி' என்ற முத்திரையையும் வாழவைக்கிறது.

அண்மைக் காலத்தில் வழி மாறியிருக்கிறது. டிம் சம், வோக் போன்ற உணவுச் சொற்கள் உணவகங்களோடு போயின. அவற்றில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகவும் அலுவல் மொழியாகவும் கொண்ட சீனர்கள் இப்போது தாங்களே தொடர்களைக் கொண்டுவருகிறார்கள். தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தைக் குறிக்கும் ஹொக்கியன் 'கியாசு' 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது. விருந்தில் தட்டு வழிய இறாலைக் குவித்துக்கொள்பவரைப் பார்த்துச் சிங்கப்பூரில் தமிழரும் மலாய்க்காரரும் அதையேதான் சொல்கிறோம். 'எண்ணெய் ஊற்று' என்று சொல்லி ஊக்கப்படுத்தும் ஹாங்காங் வழக்கு, 'ஆட் ஆயில்' என்று ஆங்கில உடையில் 2018-இல் அதே அகராதிக்குள் வந்தது. இங்கே உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு இடம் பிடிப்பதற்குச் 'சோப்' என்று பெயர். நான் பல ஆண்டுகள் அதைச் சீனச் சொல் என்றே எண்ணியிருந்தேன். முத்திரை என்ற பொருளில் சீன வணிகத்தில் வழங்கிய 'சாப்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்கிறார்கள். அந்தச் 'சாப்' இந்தியிலிருந்து போன 'சாப்பா'.